எனக்கு மடங்காத புரதம்

மூன்று வருஷம் எனக்கு மடங்காத புரதம் அவளுக்கு எட்டே மாதத்தில் மடங்கியது.

அன்று காலை நான் லேபுக்குள் நுழைந்தபோது அவள் குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எனக்குத் தெளிவா தெரியுது. சரியான்னு தெரியல."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது.

"தெளிவாத்தான் இருக்கு. சுத்திப் பாரு. அடியில ஏதாவது படியும்" என்றேன்.

சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றினாள். பதினைந்து நிமிஷம் நானும் பக்கத்திலேயே நின்றேன். வேறு வேலை இருந்தும் நின்றேன். வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் ஒன்றுமே படியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவேன் என்று காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. "இன்னொரு தரம் பண்ணிப் பாரு, ஒரு தரம் வந்தா நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

அப்போது எனக்கு பிஎச்.டி.யில் ஆறாவது வருஷம். எங்கள் லேப் கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு கல்லூரி வளாகத்துக்குள் இருந்தது. தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வருவேன். அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். சபையில் பாதிப் பேர் அவர்களிடம் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இன்னும் முடியலையாம்மா?" கேட்பவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் கேட்டார்கள். அதனாலேயே பதில் சொல்ல முடியாது.

என்ன வேலை என்று கேட்டால் மலேரியா என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கொசு கடித்தால் காய்ச்சல் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு நடுவில் நடப்பதுதான் எங்கள் வேலை. கொசுவோடு வரும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே பெருகுகிறது. பிறகு ஆயிரக்கணக்கில் ரத்தத்துக்குள் கொட்டுகிறது. கொட்டிய ஒவ்வொன்றும் சில நிமிஷத்துக்குள் ஒரு சிவப்பணுவுக்குள் நுழைந்தாக வேண்டும். வெளியிலேயே கிடந்தால் செத்துவிடும். முதலில் எந்தப் பக்கமாகவோ சிவப்பணுவின் மேல் போய் ஒட்டும். அப்புறம் புரண்டு, தன் கூரான முனையை அணுவின் பக்கம் திருப்பிக்கொள்ளும். அந்த முனையில்தான் நுழைவதற்கான புரதங்களை வைத்திருக்கிறது. அதில் ஒன்றுக்கு ஆர்எச்-5 என்று பெயர். சிவப்பணுவின் மேல் பாசிஜின் என்று ஒரு புரதம் இருக்கிறது. ஆர்எச்-5 போய் அதைப் பிடிக்கும். அந்தப் பிடி கிடைக்காவிட்டால் ஒட்டுண்ணி உள்ளே போக முடியாது. பிடி கிடைத்துவிட்டால் ஒரு நிமிஷத்துக்குள் உள்ளே போய்விடும்.

அந்தப் பிடியைத் தடுக்க உடம்புக்குக் கற்றுக்கொடுத்தால் அது தடுப்பூசி. அதற்கு முதலில் அந்தப் புரதம் கையில் வேண்டும். பாக்டீரியாவுக்குள் மரபணுவை வைத்து அதைச் செய்யச் சொல்லலாம். பாக்டீரியா செய்யவும் செய்யும். ஆனால் துவைத்துப் பிழிந்த சேலையைப் பக்கெட்டில் போட்ட மாதிரி எல்லாம் ஒன்றோடொன்று சுருண்டு கட்டியாகக் கிடக்கும். அதை யூரியாவில் கரைத்து, சுருளைப் பிரித்து, பிறகு யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அப்போது புரதம் தன்னுடைய சரியான உருவத்துக்கு மடங்கும் என்பது நம்பிக்கை. என் கையில் ஒவ்வொரு தடவையும் அது திரிந்த பால் மாதிரி வெள்ளையாகிப் போனது. மூன்று வருஷம். கடைசியில் சார், என் வழிகாட்டி, "நீ வேற பகுதியைப் பாரு, இதைப் புதுப் பொண்ணுகிட்ட கொடுப்போம்" என்றார். அந்த மரபணுவை ஏற்றி நான் செய்த பாக்டீரியாவை, க்ளோனை, நானே அவள் கையில் எடுத்துக் கொடுத்தேன். நிச்சயம் தோற்பாள் என்று தெரிந்ததால் சந்தோஷமாகவே கொடுத்தேன்.

அவள் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்தாள். அம்மா மீன் விற்பவர். லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து, கேளம்பாக்கத்தில் ஒரு கிளினிக்கில் இரண்டு வருஷம் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் எம்.எஸ்சி. படித்து, தேர்வெழுதி எங்களிடம் வந்தாள். நான் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. முதல் கூட்டத்தில் அவள் பேசிய இங்கிலீஷ் என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. வெளியே போய் அம்மாவிடம் போனில் "இன்னாம்மா, சாப்ட்டியா? நான் வர லேட்டாவும்" என்றவள், திரும்பி வந்து அதே மூச்சில் யூரியாவின் செறிவைப் பற்றிப் பேசினாள்.

அந்தக் குழாய் தெளிந்த மதியம், அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய நோட்டை எடுத்துப் படித்தேன். ரகசியம் ஒன்றும் இல்லை. நான் ஒரு நாளில் எடுத்த யூரியாவை அவள் ஆறு நாளாக எடுத்திருந்தாள். புரதம் கட்டியாவதைத் தடுக்க அர்ஜினைன் சேர்த்திருந்தாள். அர்ஜினைனைப் பற்றி நானும் படித்திருந்தேன். ஒரு தரம் முயன்று, சரிவரவில்லை என்று விட்டுவிட்டேன். அவள் பதினோரு தரம் செய்திருந்தாள். பத்துத் தோல்வியையும் தேதி போட்டு, எந்த நாளில் எத்தனை மணிக்கு வெள்ளையானது என்று எழுதி வைத்திருந்தாள். புத்திசாலித்தனத்தில் அவள் என்னை முந்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். பொறுமையில் முந்தியிருந்தாள். அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்த ஞாயிறு ஆராதனையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். அவளுக்காக ஜெபிக்க முயன்றேன். அந்தக் குழாய் வெள்ளையாகத் திரிய வேண்டும் என்றுதான் உள்ளே கேட்டது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

அடுத்த சில மாதங்களில் அந்தப் புரதத்தை முயல்களுக்கு ஊசி போட்டு, அதை எதிர்க்கும் எதிர்ப்பொருளை எடுத்தார்கள். அதற்கப்புறம்தான் நிஜமான சோதனை. ஒட்டுண்ணி வளரும் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைச் சேர்க்க வேண்டும். புரதம் சரியாக மடங்கியிருந்தால் எதிர்ப்பொருள் போய் ஒட்டுண்ணியின் பிடியை மறைக்கும். சிவப்பணுக்களுக்குள் நுழைவது குறையும். பெங்களூரில் ஒரு மாநாடு வரவிருந்தது. அவள் பெயரில் போஸ்டர் போகும் என்று சார் சொல்லிவிட்டார்.

சோதனைக்குப் புது ரத்தம் தேவை. வழக்கமாக ரத்த வங்கியிலிருந்து வரும். அந்த வாரம் மழை. வங்கியில் நோயாளிகளுக்கே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட சமயங்களில் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு லேபிலேயே யாராவது ஒருவர் இருபது மில்லி கொடுப்பது உண்டு. 'ஓ பாசிடிவ்' வேண்டும். அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான். என் ரத்தத்தில் ஒட்டுண்ணி நன்றாக வளரும் என்பது பழைய அனுபவம்.

"அக்கா, நாளைக்கு உங்ககிட்ட எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"தொண்டை வலின்னு ஆன்டிபயாடிக் போட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

மருந்து கலந்த ரத்தத்தில் ஒட்டுண்ணி வளராது. அதனால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். எனக்குத் தொண்டை வலி இல்லை. அந்தப் பொய் வாயில் தயாராக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

"பரவாயில்லக்கா. நான் என்னுதக் கொடுக்குறேன். எனக்கு ரத்தம் கம்மின்னு சின்ன வயசுலேர்ந்தே சொல்லுவாங்க. இருபது மில்லிதானே" என்றாள்.

எங்கள் லேபில் ஒரு விதி உண்டு. ஒருவர் தன் ரத்தத்தில் தானே ஒட்டுண்ணி வளர்க்கக் கூடாது. அசம்பாவிதமாக ஊசி குத்திவிட்டால், தன் அணு என்று உடம்பு ஏமாந்துவிடும் என்ற பயம். அதனால் அவள் ரத்தத்தில் சோதனையை நான் செய்ய வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் தட்டில் எதிர்ப்பொருள் சேர்த்த குழிகள் பாதி, சேர்க்காத குழிகள் பாதி. இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் இழுத்து, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் எண்ணினேன்.

சிவப்பணுவுக்குள் புதிதாக நுழைந்த ஒட்டுண்ணி, கல் வைத்த மோதிரம் மாதிரி தெரியும். எதிர்ப்பொருள் சேர்க்காத குழியில் இரண்டு நாளில் அது நாலைந்து மடங்காகும். அன்றைக்கு ஏறவே இல்லை. ஆரம்பித்த அளவிலேயே நின்றது. அணுக்களும் வழக்கத்தைவிடச் சின்னதாக, வெளிறித் தெரிந்தன. பழைய வங்கி ரத்தத்தில் நான் தனியாக வைத்திருந்த அதே ஒட்டுண்ணி பக்கத்துக் குடுவையில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் கோளாறு ஒட்டுண்ணியில் இல்லை, எதிர்ப்பொருளிலும் இல்லை. ரத்தத்தில்தான். இது எனக்கு ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

புரிந்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்.

சார் கேட்டபோது, "ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல சார்" என்றேன். அது பொய் இல்லை. எதிர்ப்பொருள் இருந்த குழியும் இல்லாத குழியும் ஒரே அளவில்தான் இருந்தன. இரண்டுமே வளரவில்லை என்பதைத்தான் சொல்லவில்லை. ஒட்டுண்ணி வளர்க்கும் கல்ச்சரை அத்தனை வருஷமாக நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் எண்ணிக்கையை அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்ப தெளிவா இருந்ததே ஒழிய, சரியா மடங்கல. மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிம்மா" என்று அவளிடம் சொன்னார்.

அவள் தலையாட்டினாள். அன்று மதியம் சாப்பிட வரவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டே இருந்தாள், எங்கே தப்பு என்று. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்குப் போகும் ரயிலில், பல மாதங்களுக்குப் பிறகு, எனக்கு நன்றாகப் பசித்தது.

நான்கு நாள் அப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் காலை, கழிவுகளை வேகவைக்கும் அறைக்கு முன்னால் அவளைப் பார்த்தேன். கையில் தட்டு. அதில் பனிக்கட்டிக்குள் செருகிய குழாய்கள் முப்பது நாற்பது இருக்கும். அவள் செய்த புரதம் முழுவதும் அதுதான்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"ஃப்ரீசர்ல இடம் வேணும்கா. தப்பா மடங்கினதை வெச்சு இன்னா பண்றது" என்றாள். சோர்வில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. கதவின் கைப்பிடியைப் பிடிக்க அவளுக்கு ஒரு கை போதவில்லை. "கொஞ்சம் திறந்து விடுங்களேன்" என்றாள்.

நான் திறக்கவில்லை. நல்லவளாகிவிட்டதால் அல்ல. அந்தத் தட்டில் இருந்தது என் க்ளோன். மூன்று வருஷம் நான் பார்க்க ஏங்கிய தெளிவான தண்ணீர். அதை என் கையாலேயே கதவு திறந்து கொட்ட வைக்க முடியவில்லை.

"கொட்டாத. புரதத்துல தப்பு இல்ல" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உன் ரத்தத்துல ஒட்டுண்ணியே ஏறல. எதிர்ப்பொருள் போடாத குழியிலயும் ஏறல. நான் சார்கிட்ட வித்தியாசம் இல்லைன்னு மட்டும் சொன்னேன்."

"எப்பக்கா தெரிஞ்சுது?"

"எண்ணின அன்னிக்கே."

தட்டைத் தரையில் வைத்தாள். பனிக்கட்டி உருகிக் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். குனிந்து, சாய்ந்த குழாய்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப வேற ரத்தத்துல பார்க்கணும்" என்றாள் கடைசியில். "நீங்க மாத்திரை முடிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

"மாத்திரை போடலை."

அதற்குத்தான் அவள் முகம் மாறியது. எண்ணிக்கையை மறைத்ததைவிட அந்தச் சின்னப் பொய்தான் அவளுக்கு வலித்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் அவள் எனக்காக வீட்டிலிருந்து கஷாயப்பொடி கொண்டுவந்திருந்தாள். தொண்டை வலிக்கு.

"சரி, வாங்க. கையை நீட்டுங்க" என்றாள்.

கிளினிக்கில் வேலை பார்த்த கை. நரம்பைத் தேடவே இல்லை; ஒரே குத்து. வலிக்கவும் இல்லை. ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்தபடியே, "சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றாள். பஞ்சை வைத்து என் முழங்கையை மடக்கிவிட்டு எழுந்து போனாள்.

சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தெரியாம விட்டுட்டியா?"

"தெரிஞ்சுதான் சார்."

"ஏன்?"

பதில் அவருக்கே தெரியும் என்று நினைக்கிறேன். மூன்று மாதம் கல்ச்சர் அறைக்குள் நான் போகக் கூடாது என்று சொன்னார். வேறு யாரிடமும் அவர் இதைப் பற்றிப் பேசவில்லை.

என் ரத்தத்தில் அவளே சோதனையைச் செய்தாள். முடிவு வந்த அன்று என்னைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பைக் காட்டினாள். எதிர்ப்பொருள் இல்லாத ஸ்லைடில் என் அணுக்களுக்குள் மோதிரங்கள் நெருக்கமாக இருந்தன; சிலவற்றுக்குள் இரண்டிரண்டு. அடுத்த ஸ்லைடில் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒட்டுண்ணிகள் வெளியிலேயே நின்றுபோயிருந்தன. அவள் புரதம் சரியாகத்தான் மடங்கியிருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கண்ணை லென்சிலிருந்து எடுக்காமல் இருந்தேன். எடுத்தால் என் முகத்தை அவள் பார்த்துவிடுவாள்.

அவள் ரத்தத்தில் ஏன் வளரவில்லை என்ற கேள்வி மிச்சமிருந்தது. சார் அவளை மருத்துவமனைக்கு அனுப்பினார். பரிசோதனையில் தலசீமியா மரபு இருப்பது தெரிந்தது. அது நோய் இல்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த ஒரு மரபணு மாற்றம். அணுக்கள் சின்னதாக இருக்கும். அந்த மாதிரி அணுக்களில் மலேரியா ஒட்டுண்ணி சில சமயம் சரியாக வளராது. சில லேப்களில் வளர்ந்தும் இருக்கிறது. இன்னும் முழுதாகப் புரியாத விஷயம்.

"ஆறாம் வகுப்புலேர்ந்து எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்கக்கா. வயித்த வலியோட முழுங்குவேன். அது தேவையே இல்லையாம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, அம்மா இருவருக்கும் இந்த மரபு இருந்தால்தான் பிள்ளைக்குக் கடுமையான நோய் வர வாய்ப்பு உண்டு. மாப்பிள்ளையும் ரத்தம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஒரு வரன் அதோடு போய்விட்டது. அவள் அம்மா ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. அடுத்து வந்தவர் யோசிக்காமல் கையை நீட்டினார். அவருக்கு அந்த மரபணு மாற்றம் இல்லை. அவரையே கட்டிக்கொண்டாள்.

பிறகு அந்த ரத்தமே அவள் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாயிற்று. அவளுடைய அணுக்களில் ஒட்டுண்ணி எந்த இடத்தில் தடுமாறுகிறது, நுழைவதிலா, நுழைந்தபின் வளர்வதிலா என்று. விதிப்படி வேலையைச் செய்தது நான், எழுதியது அவள். கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது. நான் அவளைக் கெடுக்கச் செய்தது அவளுக்கு ஒரு அத்தியாயம் கொடுத்தது என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அவளுடைய குறைகூட உபயோகமாகிவிட்டது. என்னுடையது எந்தக் குறையும் இல்லாத சாதாரண ரத்தம்.

என் ஆய்வேட்டை எட்டாவது வருஷம் கொடுத்தேன். மெலிந்த புத்தகம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். பாடம் நடத்துவது எனக்கு வந்தது, பிடிக்கவும் செய்தது. ஆனால் மதியம் மூன்று மணிக்கு ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போடும்போது, இந்நேரம் கல்ச்சர் மாற்ற வேண்டுமே என்று கை பரபரக்கும். அவள் வெளிநாடு போனாள். ஃபோட்டோக்கள் வரும். லைக் போடாமல் பார்ப்பேன்.

மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்து, வண்டலூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் சொந்தமாக லேப் ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"அக்கா, கல்ச்சர் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். சீனியர் போஸ்ட்தான். உங்களைத் தவிர யாரும் எனக்குத் தோணல."

"என்னை எப்படி நம்புற?" என்று கேட்டேன். அவ்வளவு நாள் நாங்கள் இருவரும் தொடாத விஷயம்.

"நீங்க சொல்லாமலே விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நான் அதைத்தான் எடுத்துக்கிறேன். இன்னொன்னு, நிஜமாவே வேற ஆள் கிடைக்கல."

பதினோரு நாள் நான் பதில் சொல்லவில்லை. "உனக்கு ஜூனியர் தானே அவ?" என்று அம்மா கேட்டாள். "ஆமா" என்றேன். அப்பா பேப்பரிலிருந்து நிமிராமல், "போகணும்னு இருக்கா?" என்றார். இருந்தது. பன்னிரண்டாம் நாள் வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன்.

இப்போது அவளிடம்தான் வேலை பார்க்கிறேன். மாணவர்கள் முன்னால் மேடம் என்று கூப்பிடுகிறேன். அந்த வார்த்தை வாயில் பழகச் சில மாதம் ஆயிற்று. தனியாக இருக்கும்போது பழையபடி வா போதான். அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. வந்தால் இன்னது என்று அடையாளம் தெரிகிறது, அவ்வளவுதான்.

போன வாரம் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. பெரிய ஆய்வு நிதி ஒன்று கிடைத்திருந்தது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "நல்லது" என்றேன். சொல்லிவிட்டு மறுபடி சோற்றைப் பிசைந்தேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "எரியுதாக்கா?"

"கொஞ்சம்."

"எனக்கும் உங்க மேல ஒரு காலத்துல இருந்துது" என்றாள். "உங்களுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் டீச்சரு. வீட்டுலயே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். அதை நினைச்சு பஸ்ல அழுதிருக்கேன்."

எனக்கு அது தெரியாது. அப்பளத்தில் பாதியை உடைத்து அவள் தட்டில் வைத்தேன். அவள் எடுத்துக் கடித்துக்கொண்டு, அடுத்த மாதம் புதிதாகச் சேரப்போகும் மாணவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.